காசி ராஜா மகனா, சின்னான் மகனா? ஒரு சூப்பர் ஹீரோவின் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சினிமா விமர்சனம் இல்லை. ஒரு சினிமாவில் ஆரம்பித்து வேறு எங்கோ போய் நின்ற கதை.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மணலூர்பேட்டைக்காரர்களுக்குப் பொங்கல் தை ஒன்றோடு முடிவதில்லை. தை 5ஆம் தேதி தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எங்கள் ஆற்றுக்கு வருவார். சுற்றுவட்டாரக் கிராமமெல்லாம் மணலில் இறங்கிவிடும். ராட்டினம், வளையல் கடை, கரும்பு, மிளகாய் பஜ்ஜி. சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள்.

அன்று ராத்திரி அக்கா மகன் லேப்டாப்பில் 'ஜோக்கர்' பார்த்துக்கொண்டிருந்தான். 2019இல் டாட் பிலிப்ஸ் எடுத்த ஹாலிவுட் படம். ஹோவாக்கின் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். படம் முடிந்ததும் என்னிடம் சொன்னான்:

"மாமா, ஃபைட்டே இல்லாம கேரக்டர மட்டும் வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டான். நம்ம ஆளுங்களுக்கு இந்த மாதிரி டார்க் ஒரிஜின் ஸ்டோரி எல்லாம் வராது."

பக்கத்தில் அம்மா கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். "என்னாடா கதை அது?" என்று கேட்டார்.

"ஒரு ஆளு, ஆயா. அப்பா யாருன்னே தெரியாது. அவங்க அம்மா ஊர்லயே பெரிய பணக்காரர் பேரச் சொல்லுது. ஊரே இவனப் போட்டு மிதிக்குது. கடைசியில ஜனங்க அவனையே தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க."

அம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இது நம்ம மதுரவீரன் கதடா. அவனையும் ராசா புள்ளன்னுதான் சொன்னாங்க. மாறு கால் மாறு கை வாங்குனாங்க. அப்புறம் அவனுக்கே பொங்க வச்சுக் கும்புட்டாங்க."

பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. அம்மா சொன்னது சரிதானே?

கதை தெரியாதவர்களுக்கு

எங்கள் பக்கம் பலருக்கு மதுரைவீரன் குலதெய்வம். ஊர் எல்லையில் வாளோடும் மீசையோடும் நிற்பார், இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். படையலில் சாராயமும் சுருட்டும் உண்டு. கதை மட்டும் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 'பெரிய எழுத்து' புத்தகங்களிலும் கூத்திலும் வருகிற கதையின் சுருக்கம் இது.

காசி ராஜாவுக்கு ஆண் குழந்தை பிறக்கிறது. மாலை சுற்றிப் பிறந்த குழந்தை, அதாவது தொப்புள் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது. நாட்டுக்கு ஆகாது என்று ஜோசியர்கள் சொல்ல, காட்டில் விட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கிற அருந்ததியரான சின்னானும் அவன் மனைவி செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். தெற்கே வந்து பொம்மண்ண நாயக்கன் என்ற பாளையக்காரரிடம் சின்னான் வேலைக்குச் சேர்கிறான்.

பாளையக்காரர் மகள் பொம்மி வயதுக்கு வருகிறாள். அந்தக் கால வழக்கப்படி ஊருக்கு வெளியே குடிசையில் வைக்கிறார்கள். காவல் சின்னானுக்கு. மழை கொட்டுகிற ராத்திரி, அப்பனுக்குப் பதிலாக மகன் காவலுக்குப் போகிறான். காதல் பிறக்கிறது. பொம்மியைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். துரத்தி வந்த மாமனார் சண்டையில் சாகிறார்.

திருச்சி ராஜா அவன் வீரத்தைப் பார்த்து வேலை கொடுக்கிறார். மதுரையில் கள்ளர் தொல்லையை அடக்கத் திருமலை நாயக்கருக்கு உதவியாக அனுப்புகிறார். அதையும் அடக்குகிறான். அங்கே அரண்மனையைச் சேர்ந்த வெள்ளையம்மாள் மேல் ஆசை. ராத்திரியில் அவளைத் தூக்கி வரும்போது காவலர்கள் பிடிக்கிறார்கள். திருடன் என்று ராஜாவிடம் சொல்லப்படுகிறது. மாறு கால் மாறு கை வாங்க உத்தரவு, அதாவது ஒரு பக்கத்துக் கை, எதிர்ப்பக்கத்துக் கால். வெட்டப்பட்டவன் யார் என்று தெரிந்ததும் ராஜா பதறுகிறார். மீனாட்சி அருளால் கைகால் திரும்ப முளைக்கின்றன. ஆனால் வீரன் வாழ மறுக்கிறான். தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறான். பிறகு அவன் கோபம் மதுரையைப் பிடித்து ஆட்ட, கோயில் வாசலிலேயே அவனுக்கு இடம் கொடுக்கிறார்கள். இன்றைக்கும் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டி மதுரைவீரன் சன்னிதி இருக்கிறது.

வரலாற்று ஆட்களுக்கு ஒரு சின்னத் தகவல். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. கதையில் திருச்சி ராஜாவாக வருகிற விஜயரங்க சொக்கர், வரலாற்றில் விஜயரங்க சொக்கநாதர் என்றால் அவர் காலம் 1706 முதல் 1732 வரை. இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. மக்கள் நினைவில் நூறு வருஷத்து நாயக்கர் ஆட்சி ஒரே காலமாக மடிந்துபோயிருக்கிறது. ஆகவே இந்தக் கதையில் தேதியைத் தேடாதீர்கள். யார் யாரைக் கொன்றார்கள் என்று பாருங்கள், அது தெளிவாகவே இருக்கிறது.

ஜெரி சீகலும் சின்னானும்

இப்போது சூப்பர் ஹீரோ பக்கம் வருவோம். 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேனை அறிமுகம் செய்தார்கள். உயர்ந்த குலத்துக் குழந்தை. பிறந்த இடத்தில் இருக்க முடியாமல் அனுப்பப்படுகிறது. சாதாரணக் குடியானவத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். கிரிப்டான் கிரகத்துக்குப் பதில் காசி, கென்ட் தம்பதிக்குப் பதில் சின்னான் செல்லி என்று போட்டுப் பாருங்கள். அப்படியே பொருந்துகிறது.

யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை. கர்ணன், மோசே, கிருஷ்ணன் என்று இது உலகம் முழுக்க உள்ள வார்ப்பு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்க ஒரிஜின் கதையில் வேறு யாராவது சாக வேண்டும். பேட்மேனுக்கு அப்பா அம்மா, ஸ்பைடர்மேனுக்கு பென் மாமா. அந்தத் துக்கத்தில் ஹீரோ உருவாகிறான், உயிரோடு ஊரைக் காக்கிறான்.

நம் ஊரில் ஹீரோவேதான் சாக வேண்டும். செத்த பிறகுதான் அவனுக்குப் பவர் வருகிறது. அவர்கள் படம் ஆரம்பிக்கிற இடத்தில் நம் கதை முடிகிறது.

இதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருக்கிறார்கள். தமிழ் நாட்டார் கதைகளை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதன் தெய்வமாவதற்கு முக்கியக் காரணம் அவன் வாழ்ந்த விதத்தைவிட அகாலமாக, கொடூரமாக இறந்த விதம்தான் என்று வாதிடுகிறார்.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. ஆற்றைத் தாண்டித் தண்டராம்பட்டு, செங்கம் பக்கம் போனால் நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமி காலத்தில், 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது. அந்தக் கல்வெட்டுகளின் அமைப்பைப் பாருங்கள். எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த மாட்டு மந்தையை மீட்கும்போது செத்தான் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. கருந்தேவகத்தி என்ற வீரன், பக்கத்தில் அவனுடைய கோவிவன் என்ற நாய். திருடர்களைக் கடித்த அந்த நாய்க்கும் பேரோடு கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. அவன் பிறந்த நேரம், ஜாதகம் பற்றி ஒன்றும் இல்லை. எப்படிச் செத்தான் என்பதுதான் அவனுடைய அடையாளம்.

1956

சினிமா இந்தக் கதையை விடுமா? 1939லேயே டி.பி. ராஜலட்சுமி ஒரு 'மதுரை வீரன்' எடுத்தார். ஆனால் எல்லோருக்கும் நினைவில் நிற்பது 1956 சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த எம்.ஜி.ஆர். படம். தயாரிப்பு லேனா செட்டியார், இயக்கம் யோகானந்த், வசனம் கண்ணதாசன், இசை ஜி. ராமநாதன். பொம்மியாக பானுமதி, வெள்ளையம்மாளாக பத்மினி. சின்னானும் செல்லியும் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். அந்த வருஷத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று.

இந்த முறை போனதும் அம்மாவோடு உட்கார்ந்து யூடியூப்பில் முழுசாகப் பார்த்தேன். மென்பொருள் ஆள் என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், இரண்டு வெர்ஷனையும் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பேன்.

மாறியது ஹீரோவின் குற்றம். கதைப்பாடலில் வீரன் சுத்தமான ஆள் இல்லை. மாமனாரைக் கொல்கிறான், அடுத்தவர் மாளிகைக்குள் நுழைந்து பெண்ணைத் தூக்குகிறான். படத்தில் வெள்ளையம்மாளே அவனை விரும்புகிறாள். பழி வில்லன்களின் சூழ்ச்சி மேல் போகிறது. அதாவது கதைப்பாடலில்தான் கேரக்டர் சிக்கலானது, இருட்டானது. சினிமா வெளிச்சம் போட்டுவிட்டது.

மாறாதது இரண்டு. ஒன்று, சாவு. எம்.ஜி.ஆர். திரையில் சாகிற மிகச் சில படங்களில் இது ஒன்று. இரண்டு, காசி ராஜா. செருப்புத் தைக்கிறவர் வீட்டில் வளர்ந்தாலும் ரத்தம் ராஜ ரத்தம் என்பதைப் படமும் விடவில்லை.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' புத்தகத்தில், அவருடைய திரை நாயகனுக்கும் கதைப்பாடல் வீரர்களுக்கும் உள்ள உறவைப் பேசுகிறார். அந்த வீரர்கள் மேல்சாதி அதிகாரத்தை எதிர்த்துச் சாகிறார்கள், திரை நாயகன் ஜெயிக்கிறான். 'மதுரை வீரன்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற படம்.

ஹாஸ்டலில் கேட்ட வெர்ஷன்

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

1990களின் கடைசியில் நான் பி.இ. படித்தபோது ஹாஸ்டலில் என் ரூம்மேட் அருந்ததியர். ஒருநாள் ராத்திரி சாமி கதை பேசிக்கொண்டிருந்தோம். நான் பெரிய ஞானி மாதிரி காசி ராஜா, மாலை சுற்றிய குழந்தை என்று ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னான்:

"எங்க வீட்ல காசி ராஜா எல்லாம் கிடையாதுடா. வீரன் எங்க ஆளு. சின்னான் மகன். பாளையக்காரன் பொண்ணக் கட்டுனான், வெட்டிட்டாங்க. வெட்டுனவங்களே பயந்து கும்பிட ஆரம்பிச்சாங்க. சாமின்னு ஆனப்புறம் எங்காளுன்னு சொல்ல வாய் வரல, ராஜா மகன்னு எழுதிக்கிட்டாங்க."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "சும்மா கதைதானேடா" என்று மழுப்பினேன். "உனக்குக் கதை" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான். அந்த இரண்டு வார்த்தை இருபத்தைந்து வருஷமாகக் கூடவே வருகிறது. எங்கள் வீட்டிலும் வீரனுக்குப் படையல் போட்டோம். ஆனால் சின்னான் பேரனாக யாராவது வந்திருந்தால் திண்ணை வரைதான் விட்டிருப்போம். இதை அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை.

அவன் சொன்னது அவன் வீட்டு நம்பிக்கை மட்டும் இல்லை. அருந்ததியர் மத்தியில் பரவலாக இருக்கிற கருத்து. தமிழில் நாட்டார் வழக்காறுகளை ஆராய்ந்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்கு வலுவான ஒப்பீடு திருநெல்வேலிப் பக்கத்து முத்துப்பட்டன் கதை. பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் காதலிக்கிறான். பூணூலை அறுத்துவிட்டு அவர்களைக் கட்டிக்கொண்டு மாமனாரின் தொழிலையே ஏற்கிறான். மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக இன்றும் இருக்கிறான், பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ஆனால் இந்தக் கதையின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவன்தான் என்று இருக்கும். இது பிற்காலச் சேர்க்கை என்று நா. வானமாமலை சுட்டிக்காட்டினார். காத்தவராயனும் அப்படித்தான், சிவன் மகன் என்றே கதை ஆரம்பிக்கும். (டி.ஆர். ராமண்ணா இயக்கத்தில் சிவாஜி நடித்து 1958இல் படமாக வந்தது.)

மூன்று கதையிலும் ஒரே பேட்ச். சாதி தாண்டிய காதல் என்று ஊர் அதிர்கிற இடத்தில், "பதற வேண்டாம், பிறப்பால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒரு முன்கதை ஒட்டப்படுகிறது. மாலை சுற்றிய குழந்தையை ஏன் காட்டில் விட வேண்டும் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். விட்டால்தானே இந்த ஒட்டு நிற்கும்.

ஜோக்கர் என்ன செய்கிறது?

இப்போது மறுபடி அந்த ஹாலிவுட் படத்தைப் பாருங்கள். ஆர்தர் ஃபிளெக் கோமாளி வேஷம் போட்டுப் பிழைக்கிறவன். நேரம் காலம் தெரியாமல் சிரிப்பு வருகிற நோய். அரசு நிதியை வெட்டியதும் அவனுக்குக் கிடைத்துவந்த கவுன்சலிங்கும் மாத்திரையும் நிற்கின்றன. நடுவில் அம்மாவின் கடிதத்தைப் பிரித்துப் படித்து, தான் கோடீஸ்வரர் தாமஸ் வெய்னின் மகன் என்று நம்புகிறான். அதாவது பேட்மேனுக்கு அண்ணன், காசி ராஜா மகன்!

மனநல மருத்துவமனையில் இருந்து பழைய ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப் படிக்கிறான். தத்தெடுக்கப்பட்ட குழந்தை, சின்ன வயதில் கட்டி வைத்து அடிக்கப்பட்ட குழந்தை என்று இருக்கிறது. அங்கேதான் படம் உண்மையிலேயே இருட்டாகிறது. பிறகு ஒரு பழைய போட்டோவைக் காட்டி லேசாகக் குழப்பவும் செய்கிறார்கள். ஜோக்கர் கதையில் இது பழைய வழக்கம்தான். ஆலன் மூர் எழுதிய 1988 காமிக்ஸ் 'தி கில்லிங் ஜோக்'கிலும் ஜோக்கருக்கே தன் கடந்த காலம் நிச்சயமில்லை.

நம் கதை முன்கதையை ஒட்டியது. இந்தப் படம் அதைக் கிழிக்கிறது. 'இவன் ராஜா மகன், அதனால் மரியாதை கொடு' என்ற வழியை அடைத்துவிட்டு, 'ராஜா மகன் இல்லையென்றால் இப்படி மிதிக்கலாமா?' என்று கேட்கிறது.

கலையாக இரண்டுக்கும் பெரிய தூரம் இருக்கிறது. ஆர்தர் கொலைகாரன் ஆகிறான், வீரன் காவல்காரன் ஆகிறான். ஆனால் இருவரையும் உருவாக்கியது ஊர்.

நம் ஊரிலும் இதைச் சரியாகப் பிடித்த படங்கள் இருக்கின்றன. 2016இல், ஹாலிவுட்டுக்கு மூன்று வருஷம் முன்பே, ராஜுமுருகன் அதே 'ஜோக்கர்' என்ற பெயரில் எடுத்தார். தர்மபுரிப் பக்கத்து மன்னர் மன்னன், தன்னை ஜனாதிபதி என்று அறிவித்துக்கொள்கிறவன். ஊர் பைத்தியம் என்கிறது. பின்கதையில் பார்த்தால் ஒரு கழிப்பறைத் திட்ட ஊழலில் மனைவி கோமாவுக்குப் போயிருக்கிறாள். அந்த மன்னர் மன்னனாக நடித்த குரு சோமசுந்தரம்தான் 2021இல் பேசில் ஜோசப்பின் மலையாளப் படம் 'மின்னல் முரளி'யில் ஷிபு. ஒரே ராத்திரியில் இரண்டு பேருக்கு மின்னல் அடித்து ஒரே பவர் கிடைக்கிறது. தையல்காரர் எடுத்து வளர்த்த ஜெய்சன் ஹீரோ ஆகிறான். ஊர் ஒதுக்கிய ஷிபு வில்லன் ஆகிறான். பார்த்தவர்களில் பாதிப் பேர் அழுதது ஷிபுவுக்காகத்தான்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "செம மாமா. அப்ப மதுரைவீரன காசி ராஜா இல்லாம எடுத்தா எப்டி இருக்கும்?" என்று பதில் போட்டான். நல்ல கேள்வி. மழை ராத்திரி, ஊருக்கு வெளியே குடிசை, அப்பனுக்குப் பதிலாகக் காவலுக்குக் கிளம்புகிற பையன். அங்கிருந்து ஆரம்பித்தால் போதும். இன்றைக்கும் செய்தித்தாளில் சாதி மாறிக் காதலித்ததற்காக வெட்டப்பட்ட பையன்களைப் பற்றிப் படிக்கிறோம். கேமராவை அந்தப் பக்கம் திருப்பத்தான் ஆள் வேண்டும்.

என்னுடைய முடிவு இதுதான். பிறப்புக் கதை நம்மைச் சமாதானப்படுத்த வந்தது. இறப்புக் கதை நம்மைக் குற்றம் சாட்டுகிறது. மதுரைவீரனின் உண்மையான ஒரிஜின் ஸ்டோரி காசியில் இல்லை, கை கால் வெட்டிய இடத்தில் இருக்கிறது.

பெங்களூருக்குத் திரும்புகிற அன்று காலையில் அம்மாவோடு எல்லையில் இருக்கிற வீரன் கோயிலுக்குப் போனேன். சூடம் ஏற்றிவிட்டு அம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார், "காசி ராசா மவனே, காப்பாத்துப்பா."

நான் மனசுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். சின்னான் மகனே.

வண்டியில் ஏறியதும் பழைய ரூம்மேட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு வருஷமாகப் பேசவில்லை. "அன்னிக்கு நீ சொன்னது கதை இல்லடா" என்று மட்டும் எழுதினேன். செங்கம் தாண்டும்போது பதில் வந்தது.

"எதுடா?"

எழுதி அனுப்பக் கொஞ்சம் பெரிசாகிவிட்டது. அதனால் இந்தப் பதிவு.